ஈசானிய மூலைக் கல்

1998 செப்டம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை. காலை ஒன்பது இருபதுக்குக் கல் சாய்ந்தது. அது நின்றிருந்த குழியில் முதலில் கண்ணில் பட்டவை கூழாங்கற்கள். சில முட்டை அளவு, சில உள்ளங்கை அளவு. எல்லாமே ஆற்றில் உருண்டு வழுவழுப்பானவை. ஈரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கையால் அடுக்கியதைப் போல இருந்தன. எங்கள் வீடு குன்றின் மேல் இருந்தது. பக்கத்து ஆற்றுக்குக் காரில் போனாலே பத்து நிமிடம் ஆகும்.

கடப்பாரை பிடித்தவர்கள் மூன்று பேர். நானும், பார்சிப்பனி நகரில் என் மனைவியுடன் வேலை செய்த இரண்டு தமிழ் இளைஞர்களும். நான்காமவர் எதையும் பிடிக்கவில்லை. கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு நின்றார். அவர் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரிலிருந்து ஒரு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். வார நாட்களில் இயந்திரப் பொறியாளர், வார இறுதிகளில் வாஸ்து பார்ப்பவர். எல்லோருக்கும் அங்கிள்.

"கூழாங்கல்லும் வேண்டாம் தம்பி. ஒண்ணு விடாம அள்ளிடுங்க. ஈசானியம் காலியா இருக்கணும். பாரமே கூடாது" என்றார் அங்கிள்.

"என் அபார்ட்மென்ட்ல ஈசானியத்துல பாய்லர் ரூம் இருக்கு அங்கிள். அதையும் கழட்டிடலாமா?" என்றான் இளைஞர்களில் ஒருவன்.

"உனக்கு வயசு என்ன?"

"முப்பத்தொண்ணு."

"பொண்ணு அமைஞ்சுதா?"

"இல்ல அங்கிள்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கற? பாய்லரைக் கேளு."

என் மனைவி பின்கதவுப் படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை, அபார்ட்மென்டில் இருந்தபோது, மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்திருந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகுதான் வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம். வீடு வாங்கிய பிறகுதான் யாரோ அங்கிளின் போன் நம்பரைக் கொடுத்தார்கள். வடகிழக்கு மூலையில் கல் நின்றால் அந்த வீட்டில் பிள்ளை தங்காது என்று அவர் போனிலேயே சொன்னார். கல்லை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை. தோட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று அவர் கேட்க, என் மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கல்லைச் சொன்னதும் அவர் நிறுத்தச் சொன்னார்.

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்கும் கிடையாது. எங்களில் யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

கல் இரண்டரை அடி நீளம். வெளியே தெரிந்தது ஓரடிதான். பழுப்புச் சிவப்பு மணற்கல். ஒரு முகத்தில் செதுக்கிய ஓர் எழுத்தின் கீழ்ப்பாதி மட்டும் இருந்தது. மேல்பாதி, கல்லின் தலையோடு எப்போதோ உடைந்து போயிருந்தது. உடைந்த இடத்திலும் பாசி ஏறியிருந்தது. எதிர் முகத்தில் இரும்பால் அடித்த வடுக்கள் ஏழு. அதை நான் அன்றே எண்ணினேன். கூழாங்கற்களை எண்ணவில்லை.

நாங்கள் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கிழக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் புல் வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டு வேலியருகே வந்தார். அறுபது வயதுக்கு மேல், கணவர் இறந்து தனியாக இருந்தவர்.

"அந்தக் கல்லை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓரமாக வைக்கப் போகிறோம்" என்றேன்.

"அது ஓரத்தில்தான் இருந்தது" என்றார். பிறகு, "அதுதான் உங்கள் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் மூலை. என் கணவர் அதைச் சுற்றித்தான் இத்தனை வருடம் புல் வெட்டினார். ஒருநாள் லைப்ரரியிலிருந்து யாரோ வந்து படம்கூட எடுத்துக்கொண்டு போனார்கள்" என்றார்.

"கண்டிப்பாகத் திரும்ப வைத்துவிடுவோம்" என்று சொன்னேன்.

"பனி விழுவதற்குள் வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினார்.

தென்மேற்கில் பாரம் இருக்கலாம், இருந்தால் நல்லது என்று அங்கிள் சொன்னதால், கல்லை உருட்டிக்கொண்டு போய்க் காரேஜ் சுவருக்குத் தெற்கே கிடத்தினோம். கூழாங்கற்களைக் குப்பைக்கு வைத்திருந்த நீலப் பெட்டியில் அள்ளினோம். நான்கு பெட்டி வந்தது. மழைத் தண்ணீர் கூரையிலிருந்து குழாய் வழியாக இறங்கும் இடத்தில் எப்போதும் சேறாக இருக்கும். அங்கே கொட்டிப் பரப்பினோம். அது எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. குழியை மூடி, புல்விதை தூவினோம். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. அங்கிள் இரண்டு தட்டு லெமன் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அந்த வருடம் எனக்கு வேலை இல்லை. மனைவியின் விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவன் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழில், மேற்கு மாவட்டங்களில் செய்தியாளராக இருந்தேன். கோர்ட், போலீஸ், நிலத்தகராறு. பார்சிப்பனியில் அவள் வேலை செய்த அலுவலகத்தில் இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது கணினிகள் நின்றுபோகாமல் இருக்கப் பழைய நிரல்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். காலை எட்டரைக்கு அவளை இறக்கிவிட்டால் மாலை ஐந்தரை வரை எனக்கு ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாள் சொன்ன லைப்ரரிக்குப் போனேன்.

உள்ளூர் வரலாற்று அறை அடித்தளத்தில் இருந்தது. செவ்வாய், வியாழன் காலையில் மட்டும் திறப்பார்கள். அங்கிருந்த பெண்மணி என் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சில் துண்டைக் கொடுத்தார். பழைய காகிதங்கள் இருக்கும் அறையில் மைக்கு அனுமதி இல்லை. நான் தெருப் பெயரைச் சொன்னேன். குன்றின் பழைய பெயரை அவர் சொன்னார். பிறகு இரண்டு சாம்பல்நிறப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

அவற்றில் இருந்தவை பெரும்பாலும் மூலங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்த பிரதிகள். புகார்கள், வாக்குமூலங்கள், மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிப் எழுதிய கடிதங்கள். ஆங்கிலம் பழையது. ஆனால் அமைப்பு எனக்குப் பழக்கமானது. ஒரு முதல் தகவல் அறிக்கை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது: எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் யார், கையில் என்ன ஆயுதம், கடைசியில் 'மற்றும் பெயர் தெரியாத பலர்'.

மூன்று வாரம் படித்ததில் விஷயம் இதுதான். இங்கிலாந்து அரச குடும்பம் கொடுத்த சாசனத்தைக் கையில் வைத்திருந்த சிலர் இந்தப் பகுதி முழுவதும் தங்களுடையது என்றார்கள். குன்றிலும் பள்ளத்தாக்கிலும் காட்டை வெட்டிக் குடியேறியவர்களோ, தங்கள் முன்னோர் இந்த நிலத்தைப் பூர்வகுடிகளான லெனாபே மக்களிடம் நேராக விலைகொடுத்து வாங்கியதாகச் சொன்னார்கள். ஆயிரத்து எழுநூற்று நாற்பதுகளின் நடுவில் சாசனக்காரர்கள் வழக்குப் போட ஆரம்பித்தார்கள். தன் நிலம் என்று நினைத்த இடத்தில் மரம் வெட்டிய ஒருவரைப் பிடித்து நியூவார்க் சிறையில் அடைத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் தடிகளோடு திரண்டு வந்து சிறைக் கதவை உடைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் அதே நடந்தது. ஷெரிப் ஊர்க்காவல் படையைக் கூப்பிட்டார். படையில் இருந்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். அநேகம் பேர் வரவில்லை.

கலகக்காரர்களோடு லெனாபேக்களும் சேர்ந்து வரப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி இருந்திருக்கிறது. அதிகாரிகளின் கடிதங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது. வந்ததாக எந்தக் கடிதமும் சொல்லவில்லை.

குடியேறியவர்களிடம் இருந்த கிரயப்பத்திரம், அதை வைத்திருந்தவரின் வீடு தீப்பிடித்தபோது எரிந்துபோனது. அதுவும் வழக்கு சூடுபிடித்த அதே காலத்தில். மூலப்பத்திரம் இல்லாமல் கோர்ட்டில் நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் அதைத்தான் பார்த்தேன். அவர்கள் புதிதாக எழுதி வாங்கப் புறப்பட்டார்கள். பழைய பத்திரத்தில் குறி போட்ட லெனாபேக்கள் இறந்திருந்தார்கள், அல்லது மேற்கே போயிருந்தார்கள். பிள்ளைகளையும் உறவினர்களையும் தேடிப் பிடித்துப் புதுப் பத்திரங்களில் குறி வாங்கினார்கள்.

இரண்டாவது பெட்டியில், அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஒரு வாக்குமூலம் கிடைத்தது. சாசனக்காரர்களுக்காக நிலம் அளக்கப் போன குழுவில் அளவுச் சங்கிலி பிடித்த ஆள் கொடுத்தது. இரண்டு ஓடைகள் பிரியும் குன்றின் சரிவில், காலை பத்து மணி அளவில், தடியும் சம்மட்டியுமாக ஆட்கள் வந்து தங்களைச் சூழ்ந்துகொண்டார்கள் என்கிறார். சங்கிலியைப் பிடுங்கினார்கள். முந்தின வருடம் சாசனக்காரர்கள் நட்டிருந்த எல்லைக்கல்லின் தலையைச் சம்மட்டியால் உடைத்தார்கள். உடைத்தவர்களில் பத்தொன்பது பேரின் பெயரை, தகப்பன் பெயரோடு, தொழிலோடு சொல்கிறார்.

அவர்கள் தங்களோடு வயதான லெனாபே ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அந்தக் கல் நின்ற இடத்தில் அதற்கு முன்பே அவருடைய ஆட்கள் குவித்த கற்குவியல் ஒன்று இருந்தது, அதுதான் விற்ற நிலத்தின் உண்மையான எல்லை, சாசனக்காரர்கள் அதன் மேலேயே தங்கள் கல்லை நட்டுவிட்டார்கள் என்று நிரூபிப்பதற்காக. கூட்டம் அவரை முன்னால் நிறுத்தி, நிலத்தை உன் ஆட்கள் விற்றார்கள்தானே என்று கேட்டது. அவர் நெடுநேரம் பேசினார் என்கிறது வாக்குமூலம். என்ன பேசினார் என்று இல்லை. மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. அந்தப் பெரியவருடைய பெயரும் இல்லை. அடுத்த வரியில் எல்லோரும் கீழே இருந்த ஓர் ஆலைக்குப் போய் ரம் குடிக்கிறார்கள். அந்த எல்லோரில் அவர் இருந்தாரா என்று தெரியவில்லை.

அது எங்கள் கல்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. இரண்டு ஓடைகளில் ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடியது. இன்னொன்றை ஒரு அலுவலக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் சிமென்ட் குழாயில் விட்டிருந்தார்கள்.

வாக்குமூலத்தைப் பென்சிலால் படியெடுக்கும்போது ஓரிடத்தில் கை நின்றது. 1991-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் ஊருக்குப் போயிருந்தேன். அரசு நட்ட எல்லைக் கற்களை மலைவாழ் மக்கள் இரவோடு இரவாகப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். நான் போனபோது கற்கள் பாதையோரம் கிடந்தன. ஒரு வயதான பெண் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துத் தன் மொழியில் பேசினார். பத்து நிமிடம் இருக்கும். அவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் அன்று கீழே போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார்கள். கடைசி பஸ் நான்கு மணிக்கு. 'மூதாட்டி ஒருவர் ஆவேசமாகப் பேசினார்' என்று எழுதினேன். செய்தி மூன்றாம் பக்கத்தில் வந்தது. அதில் தாசில்தார் பெயர், இன்ஸ்பெக்டர் பெயர், எம்.எல்.ஏ. பெயர் எல்லாம் சரியாக இருந்தன. எழுத்துப்பிழைகூட இல்லை. அந்த மூதாட்டி ஆவேசமாகப் பேசவில்லை. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிய வேண்டும் என்பதைப் போலப் பேசினார்.

அன்று மாலை காரில் வரும்போது மனைவியிடம் வாக்குமூலத்தைச் சொன்னேன். மலையில் நடந்ததைச் சொல்லவில்லை.

"கடைசில யாருங்க ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

"யாரும் தெளிவா ஜெயிக்கல. கேஸ் இழுத்துக்கிட்டே போச்சு. தீர்ப்பே வரல."

"நம்ம ஊர் மாதிரியே இருக்கு. அந்த லெனாபே எல்லாம் என்ன ஆனாங்க?"

"பத்துப் பன்னிரண்டு வருஷம் கழிச்சு, டெலவேர் ஆத்துப் பக்கம் இருந்த பண்ணைகள அவங்க தாக்கினாங்க. அப்புறம் அரசாங்கம் கூப்பிட்டுப் பேசி, இந்த மாநிலத்துல இனிமே எங்களுக்கு உரிமை எதுவும் இல்லன்னு எழுதி வாங்கிக்கிச்சு."

எங்கள் தெருவுக்குள் காரைத் திருப்பினேன்.

"கல்ல திரும்ப வைக்கணும்" என்றேன்.

"வைங்க. குழந்த பொறக்கட்டும், அதுக்கப்புறம் வைங்க."

"உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே."

"இல்லதான். ஆனா இது இப்ப ஓடிக்கிட்டு இருக்கு. ரெண்டு தடவ கிராஷ் ஆனது மூணாவது தடவ ஓடுது. ஏன் ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. ஓடற புரோகிராம்ல யாராவது கை வைப்பாங்களா? எங்க ஆபீஸ்ல வச்சா வேலைய விட்டே தூக்கிடுவாங்க."

"அது வெறும் கல்லு."

"வெறும் கல்லுதானே? அப்ப மூணு மாசம் அங்கயே கெடந்தா என்ன?"

குழந்தை பிறக்கும்வரை வைக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

நவம்பர் முதல் வாரம் டாக்டர் அவளைப் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார். குளியலறைக்குப் போகலாம், அவ்வளவுதான். அதே வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். தரை இன்னும் இறுகவில்லை, இந்த வாரமே கல்லை வைத்துவிட்டால் நல்லது, எந்த இடம் என்று தானே வந்து காட்டுவதாகச் சொன்னார். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். திசைகாட்டி, வடகிழக்கு மூலை, முன்பு இரண்டு முறை நடந்தது. சொல்லும்போதே அது ஆங்கிலத்தில் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியானால் இருக்கட்டும். வசந்தத்தில் வைக்கலாம்" என்றார்.

அந்த மாதம் மழை அதிகம். பகலில் அவள் படுத்திருப்பாள், நான் கீழே சமையல் செய்துகொண்டிருப்பேன். மழை பெய்யும்போது மாடியிலிருந்து கூப்பிடுவாள்.

"யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையே."

"வீட்டச் சுத்தி யாரோ நடக்கறாங்க."

முதல் முறை வெளியே போய்ப் பார்த்தேன். குழாயிலிருந்து தண்ணீர் கூழாங்கற்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு விழுந்தது. ஜன்னலுக்குள் நின்று கேட்டால் ஒருவர் கற்கள் மேல் நாலடி நடந்து, நின்று, மறுபடி நடப்பதைப் போல இருந்தது. அவளிடம் காரணத்தைச் சொன்னேன். சரி என்றாள். அடுத்த மழையிலும் கேட்டாள். அதற்குப் பிறகு நான் வெளியே போய்ப் பார்க்காமலேயே, தண்ணீர்தான் என்று கீழிருந்தே பதில் சொன்னேன். ஒருநாள் மழை நின்று அரை மணி ஆன பிறகும் கேட்டாள். அன்றும் தண்ணீர்தான் என்றேன்.

கற்களை வேறெங்காவது கொட்டிவிடலாமா என்று கேட்டேன். "எதையும் தொடாதீங்க" என்றாள்.

ஜனவரி இரண்டாம் வாரம், பகல் இரண்டேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரம் முந்தி. ஐந்து பவுண்டு நான்கு அவுன்ஸ். நர்ஸ் சொன்ன எடையைப் பழக்கத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அங்கிளுக்குப் போன் செய்தேன். "நான் சொன்னேன் இல்ல தம்பி?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளபடி சொல்லணும்னா, எனக்கும் ஒரு நிம்மதி" என்றார்.

அப்போது தரை கல்லாக உறைந்திருந்தது. மண்வெட்டி அரை அங்குலம்கூட இறங்கவில்லை. மார்ச் கடைசியில் பக்கத்து வீட்டின் முன்னால் சாமான் ஏற்றும் லாரி நின்றது. அந்த அம்மாள் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆறு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். கைக்குழந்தை வைத்திருந்த வீட்டில் எங்களுக்கு அது தெரியவே இல்லை. டெக்சஸில் இருக்கும் மகள் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போகிறாள் என்று லாரிக்காரர் சொன்னார். வீட்டைப் பூட்டினார்கள். அடுத்த வருடம் யாரோ வாங்கினார்கள்.

1999 ஏப்ரல் பதினேழு, சனிக்கிழமை, காலை பத்து நாற்பதுக்குக் கல்லை நட்டேன். முன்பு வந்த இரண்டு இளைஞர்களில் ஒருவனுக்குப் பெண் அமைந்து அவன் ஊருக்குப் போயிருந்தான். மற்றவன் வந்தான். செப்டம்பரில் தூவிய விதை அடர்ந்து வளர்ந்திருந்தது. பழைய குழியின் விளிம்பு எங்கும் தெரியவில்லை. மனைவி குழந்தையை ஒரு துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவுப் படியில் நின்றாள்.

"எந்த எடம்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அளந்து பாக்க வேண்டாமா?"

"வேண்டாம். எனக்குத் தெரியும்."

வீடு வாங்கியபோது கொடுத்த சர்வே வரைபடம் கோப்பில் இருந்தது. ஒரு சர்வேயரைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. எந்த இடத்தில் எது கிடந்தது என்று ஒருமுறை பார்த்தால் மறக்காதவன் என்று ஒன்பது வருடம் பெயரெடுத்திருந்தேன். கல் சாய்ந்த காலையை நிமிடத்தோடு என்னால் சொல்ல முடியும். வேலியின் மூன்றாவது கம்பத்தையும் பக்கத்து வீட்டுச் செர்ரி மரத்தையும் வைத்துக் கண்ணாலேயே கோடு பிடித்தேன். தோண்டினோம். அடியில் இரண்டு கூழாங்கற்கள் கிடைத்தன, நாங்கள் அள்ளாமல் விட்டவை என்று நினைத்தேன். இடம் சரிதான் என்பதற்கு அதுவே சாட்சி என்று அவனிடம் சொன்னேன்.

குழாய்க்குக் கீழே இருந்த கற்களை நீலப் பெட்டியில் அள்ளிவந்து குழியில் அடுக்கினேன். மூன்று பெட்டிதான் வந்தது. மிச்சம் சேற்றில் இறங்கிவிட்டது போல. அடுக்கும்போது கையால்தான் அடுக்கினேன். முன்பு எப்படி அடுக்கியிருந்தது என்று தெரியவில்லை. பெரியவை கீழா, சிறியவை கீழா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். கல்லைத் தூக்கி நிறுத்தி, எழுத்து இருந்த முகத்தை எங்கள் வீட்டைப் பார்த்து வைத்தோம். முன்பும் அப்படித்தான் இருந்தது என்று நான் சொன்னேன். மனைவி அந்தப் பக்கம் பார்த்து இருந்ததாகச் சொன்னாள். விவாதித்துவிட்டு அப்படியே விட்டோம்.

நிறுத்தியான பிறகு அவள் படியிறங்கி வந்து பார்த்தாள். குழந்தை விழித்திருந்தது. அவள் குனிந்து கல்லின் உடைந்த தலையில் கையை வைத்தாள். எடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மே மாதம் முதல் மழை பிற்பகலில் வந்தது. குழந்தையும் அவளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். நாலடி நடந்து, நின்று, மறுபடி நடக்கும் அந்தச் சத்தம் இருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். குழாய்க்குக் கீழே வெறும் சேறு. சேற்றுக்குள் இறங்கிய ஒரு பெட்டிக் கற்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். கையை விட்டுத் துழாவினேன். முழங்கைவரை போயிற்று, ஒரு கல்லும் தட்டுப்படவில்லை. அவள் எழுந்ததும், மழை பெய்ததா என்று கேட்டாள். பெய்தது என்றேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

2001 கோடையில் மனைவியின் அலுவலகத்தில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவளுக்குக் கலிஃபோர்னியாவில், சான் ரமோனில், வேலை கிடைத்தது. வீட்டை விற்றோம். வாங்க வந்தவர்கள் தெலுங்கு பேசும் தம்பதி. அவர்களும் கையில் திசைகாட்டியோடுதான் வந்தார்கள். கல்லைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது.

அவர்களுடைய வக்கீல் புது சர்வே கேட்டார். ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு, முக்காலியும் கருவியுமாக ஒரு சர்வேயர் வந்தார். தெருமுனையில் புதைத்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து அளந்துகொண்டு வந்தார். மதியம் கதவைத் தட்டி, வரைபடத்தின் நகல் ஒன்றைக் கொடுத்தார். நான் நட்ட கல் உண்மையான மூலையிலிருந்து பதினோரு அங்குலம் கிழக்கே, பக்கத்து நிலத்துக்குள் இருந்தது.